இல்லாத பையனுக்கு ஒரு ஓட்டு

எங்கள் லீக்கில் இது விருதுக் காலம். சீசன் முடிந்துவிட்டது. சாம்பியன் யார் என்று தெரிந்துவிட்டது. கணினியின் வேலை அதோடு தீர்ந்தது, இனிமேல்தான் சண்டை. ஆண்டின் சிறந்த வீரர், சிறந்த முதலாண்டு வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், பெஞ்சிலிருந்து எழுந்து வருபவர்களில் சிறந்தவர், சிறந்த பயிற்சியாளர் என்று வாக்குச்சீட்டு நீளமாக இருக்கிறது. ஓட்டுப் போடுகிற எங்களுக்குப் பல்வலி உண்டு, வீட்டுக்கடன் உண்டு. ஓட்டு வாங்கப்போகிற பையன்களில் ஒருவன்கூட இன்னும் பிறக்கவில்லை. பிறக்கப்போவதும் இல்லை.

என்னை இதில் இழுத்துவிட்டவன் ஒஹாயோவில் இருக்கும் அக்கா மகன். ஒரு காலேஜுக்குப் பயிற்சியாளர் கிடைக்கவில்லை, "சும்மா பேருக்கு இருங்க மாமா, போதும்" என்றான். சும்மா பேருக்கு இருப்பதில் எனக்குள்ள தேர்ச்சி குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை அப்படியே கணினிக்குள் நடத்துகிற ஆட்டம் இது. பிளஸ் டூ முடிக்கும் வயதில் பையன்களை மென்பொருளே உண்டாக்கித் தருகிறது. ஒரு பட்டியலிலிருந்து முதல் பெயர், இன்னொரு பட்டியலிலிருந்து குடும்பப் பெயர். ஸ்காலர்ஷிப் காட்டி அவர்களை நம் காலேஜுக்கு இழுக்க வேண்டும். நாலு வருஷம் ஆடுவார்கள், போய்விடுவார்கள். அந்த நாலு வருஷமும் நம் நாள்காட்டியில் சில மாதம்தான். ஆட்டங்களை யாரும் பார்ப்பதில்லை. லீக்கை நடத்துகிற கமிஷனர் ராத்திரி ஒரு பொத்தானை அழுத்துவார். எனக்குக் காலையில் காபி ஆறுவதற்குள் பாக்ஸ் ஸ்கோர் வந்திருக்கும். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், டர்ன்ஓவர், அவ்வளவுதான். ஹூப்ஸ் டைனஸ்டி என்கிற இதே வகை ஆட்டத்தில் ஒவ்வொரு லீக்குக்கும் உலகம் என்றே பெயர். நெய்ஸ்மித், வுடன், ரப் என்று பழைய பயிற்சியாளர்களின் பெயரை அந்த உலகங்களுக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷச் சண்டை இரண்டு பேரைப் பற்றியது. ஒருவன் ஃபார்வர்டு, புள்ளிகளை அள்ளிக் குவித்தவன், ஆனால் சோப்ளாங்கி அணிகள் நிறைந்த கான்ஃபரன்ஸில். இன்னொருவன் நாலாம் வருஷ கார்டு. புள்ளி சுமார்தான், பந்தைத் தொலைக்கவே மாட்டான். ஃபார்வர்டுக்காக ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். கார்டின் பயிற்சியாளர் அதற்குச் சொன்ன பதில்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. "அவன் இருந்தால் மற்ற நாலு பேரும் பயப்படாமல் ஆடுகிறார்கள்" என்றார். மென்பொருளில் பயம் என்று ஒரு கட்டமே கிடையாது. தேடிப் பார்த்தேன். உயரம் உண்டு, வேகம் உண்டு, தூரத்திலிருந்து எறியும் திறன் உண்டு, தைரியம் கிடையாது. அந்தப் பயிற்சியாளருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். இன்னொரு ஆச்சரியம், அவரோடு ஒருவரும் மல்லுக்கு நிற்கவில்லை. "எங்கள் பையனுக்கும் அது உண்டு" என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடியது.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் பார்த்தேன் என்றால் படித்தேன் என்று அர்த்தமில்லை. கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட். புத்தகத்தைக் குத்துமதிப்பாகத் திறக்க வேண்டும்; இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். எட்டு வந்தால் என்ன செய்வது என்பதில் பள்ளிக்குப் பள்ளி சட்டம் வேறு. வரலாற்றுப் புத்தகம்தான் உத்தமம், தடிமன் இருந்தது, வேறு உபயோகமும் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு நோட்டில் இரண்டு அணிகளின் பெயரையும் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஸ்கோர் வைப்பான். ஆட்டம் முடிந்ததும் மேன் ஆஃப் த மேட்ச் கொடுப்போம். ஒருநாள் கவாஸ்கர் ஆறு, ஆறு, நாலு, ஆறு என்று அடித்துத் தள்ளி, எங்கள் லீக்கின் மிக வேகமான சதத்தைப் போட்டார். அவன் விருது தர மறுத்துவிட்டான். "கவாஸ்கர் இப்படி ஆட மாட்டார்டா" என்றான். நியாயம்தானே? 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 60 ஓவரும் நின்று, 174 பந்தில் ஆட்டமிழக்காமல் 36 எடுத்த மனிதர் அவர். நான் நோட்டைக் காட்டி, ரன் இருக்கிறதே என்றேன். "ரன் புத்தகம் போட்டது. கவாஸ்கர் போடலை" என்றான். கடைசியில் விருதை அன்று இருபத்திச் சொச்சம் எடுத்த விஸ்வநாத்துக்குக் கொடுத்தான், அழகாக ஆடினார் என்று! பக்க எண்ணில் எங்கே அழகு? ஆனால் நான் ஒப்புக்கொண்டேன். விஸ்வநாத் அன்று அழகாகத்தான் ஆடினார்.

நிஜ விருதுகள் மட்டும் இதைவிட உறுதியான தரையில் நிற்கின்றனவா என்ன? அமெரிக்காவில் முதல் டிவிஷனில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. எந்த விளையாட்டு நிருபர் அத்தனையும் பார்த்திருப்பார்? அவர்களில் பலரும் பாக்ஸ் ஸ்கோரைப் படித்துக் காபி குடித்தவர்கள்தான். 2023இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி, ஏழடி நாலங்குலம், ஆண்டின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித் விருது, வுடன் விருது என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். அதே ஆண்டு மார்ச்சில் அவருடைய அணி தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே ஃபேர்லி டிக்கின்ஸனிடம் தோற்றது. நாட்டிலேயே குள்ளமான அணி என்று பேசப்பட்ட அணி அது. பதினாறாம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வீழ்த்தியது ஆடவர் போட்டியில் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நடந்திருந்தது. விருதுக் குழுக்கள் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டும் ஈடிக்கே கொடுத்தார்கள்.

நெய்ஸ்மித் என்பவர் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்தவர். பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வென்றதைவிட அதிகம் தோற்றவர் அவர் ஒருவர்தான். சிறந்தவருக்கான விருது அவர் பெயரில் இருப்பது எனக்குப் பரம திருப்தி. என் காலேஜின் கணக்கும் ஏறக்குறைய அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

விருது கொடுக்கப் போட்டி நடந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. 2020 மார்ச் 12 அன்று கொரோனா தொற்றுக்குப் பயந்து தேசியப் போட்டியையே ரத்து செய்தார்கள். டேட்டன் பல்கலைக்கழகம் அந்த சீசனில் 29 வெற்றி, 2 தோல்வி. அதன் ஓபி டாப்பின் நெய்ஸ்மித், வுடன் இரண்டையும் பெற்றார். ஆடாத போட்டியில் டேட்டன் எதுவரை போயிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்த மாதம் ஊடகங்கள் பலவும் ரத்தான போட்டியைக் கணினியில் ஓட்டிப் பார்த்து ஆறுதல் அடைந்தன. ஃபுளோரிடா மாநில செனட் ஒரு படி மேலே போய், ஃபுளோரிடா ஸ்டேட்தான் தேசிய சாம்பியன் என்று தீர்மானமே போட்டுவிட்டது. எங்கள் கமிஷனருக்குக்கூட அவ்வளவு துணிச்சல் கிடையாது.

இல்லாத பையன்களுக்குப் புகழ் சேர்ப்பதில் முன்னோடி என்று நான் கும்பிடுவது மாரிஸ் நியூபர்கர் என்கிற வால் ஸ்ட்ரீட் பங்குத் தரகரை. 1941 இலையுதிர் காலத்தில் நியூயார்க் நாளிதழ்களுக்குத் தொலைபேசியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்கோர் ஒன்று சொன்னார்: பிளெய்ன்ஃபீல்டு டீச்சர்ஸ் காலேஜ் வெற்றி. அப்படி ஒரு காலேஜே இல்லை. பத்திரிகைகள் அச்சிட்டன. அவர் வாராவாரம் சொன்னார், அவர்களும் வாராவாரம் அச்சிட்டார்கள். பிறகு ஜானி சங் என்று ஒரு நட்சத்திரத்தை உண்டாக்கினார். பாதிச் சீனர், பாதி ஹவாய்க்காரர், ஆட்ட இடைவேளையில் சோறு சாப்பிட்டுத் தெம்பு ஏற்றிக்கொள்வாராம். செய்தியனுப்ப ஜெர்ரி கிராய்டன் என்று காலேஜுக்கு ஒரு விளம்பர அதிகாரியும் உண்டு, அதுவும் நியூபர்கர்தான். கடைசியில் குட்டு உடைந்தது. உடையப்போகிறது என்று தெரிந்ததும் அவர் வெளியிட்ட அறிவிப்பு இருக்கிறதே, அதற்கு ஈடில்லை: ஜானி சங் உட்படப் பல வீரர்கள் பரீட்சையில் ஃபெயில் ஆகிவிட்டதால் மிச்ச ஆட்டங்கள் ரத்து. பிறக்காத பையனையும் அரியர் விடவில்லை. சீசன் முடியும்வரை தாக்குப்பிடித்திருந்தால் ஏதாவது ஒரு விருதுப் பட்டியலில் சங்கின் பெயர் ஏறியிருக்காது என்று யார் சொல்ல முடியும்?

நியூபர்கர் ஊரை ஏமாற்றினார். ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய நாவலில் வரும் ஹென்றி யாரையும் ஏமாற்றவில்லை, அதனால்தான் அவர் கதை பயமாக இருக்கிறது. ‘தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்’ என்று தொடங்கும் நீளமான தலைப்பு. ஹென்றி ஐம்பது தாண்டிய கணக்கர், தனிக்கட்டை. ராத்திரியில் சமையலறை மேஜையில் மூன்று பகடைகளை உருட்டி எட்டு அணிகளின் பேஸ்பால் லீக் நடத்துகிறார். கதை தொடங்கும்போது நடப்பது 56ஆம் சீசன். ஆட்டக்காரர்கள் ஓய்வு பெறுகிறார்கள், சாகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் களம் இறங்குகிறார்கள். எல்லாவற்றையும் தடித்தடியான ஏடுகளில் எழுதிவைக்கிறார். சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் உண்டு, அதில் கட்சிகள் உண்டு. அத்தனை கட்சிக்கும் அவர் ஒருவரே வாக்காளர்.

டேமன் ரூதர்ஃபோர்டு என்கிற புதுப் பையன், பழைய நட்சத்திரத்தின் மகன், ஒருவரையும் தளம் ஏறவிடாமல் ஒரு முழு ஆட்டத்தை வீசி முடிக்கிறான். ஹென்றிக்குத் தலைகால் புரியவில்லை; மதுக்கடைக்குப் போய்க் கொண்டாடுகிறார், யாருக்கு என்று அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த முறை டேமன் பேட் பிடிக்கும்போது பகடைகள் மூன்றிலும் ஒன்று விழுகிறது. அபூர்வ நிகழ்வுகளுக்கென்று அவரே எழுதிவைத்த அட்டவணையில் அதற்கு ஒரே பலன்தான்: பந்து தலையில் பட்டு மரணம். சட்டம் அவருடையது, பகடை அவருடையது. திரும்ப உருட்டிவிட்டால் போயிற்று. உருட்டவில்லை. அழுகிறார். ஆபீஸ் வேலை கெடுகிறது. ஒரே நண்பன் லூவை அழைத்து எதிரில் உட்காரவைத்து ஆடிப் பார்க்கிறார். லூ நல்லவன், ஆனால் அவனுக்கு இது தாளும் பகடையும்தான். கடைசியில் பீரை அட்டவணைகள் மேல் கொட்டிவிடுகிறான். லூ போன பிறகு ஹென்றி, டேமனைக் கொன்ற பந்தை வீசியவன் சாக வேண்டும் என்று, பகடைகளைத் தன் கையாலேயே ஆறு, ஆறு, ஆறு என்று வைக்கிறார். நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஹென்றியைக் காணவே காணோம். ஆட்டக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள், நூறு சீசன் கழித்து.

விமர்சகர்கள் இதைக் கடவுளைப் பற்றிய கதை என்று எழுதினார்கள். இருக்கட்டும். எனக்கு லூவின் பீர்தான் மனசில் நின்றது. ஹென்றிக்கு ஒரே ஒருவன் கிடைத்தான், அவனும் டேமனை நம்பாதவன். என் வகுப்புத் தோழன் மாதிரி "டேமன் இப்படி வீச மாட்டான்டா" என்று எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருந்திருந்தால், அந்த மனிதர் பகடையைத் திருப்பி வைத்திருக்க மாட்டார். சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

எங்கள் லீக்கில் பட்டம் வாங்கிப் போன பையன்களைக் கமிஷனர் சில சீசனில் கழித்துக்கட்டிவிடுவார். கோப்பு பெருத்தால் மென்பொருள் திணறுகிறதாம். புள்ளிகள், ஊர், உயரம் எல்லாம் போய்விடும். விருதுப் பக்கத்தில் இருக்கிற பெயர்கள் மட்டும் தங்கும். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அந்தக் கார்டின் பயிற்சியாளர் ஏன் அவ்வளவு மன்றாடினார் என்பது விளங்கியது. நாலாம் வருஷப் பையன், இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. ஃபார்வர்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

நான் கார்டுக்குத்தான் போட்டேன். தோற்றுவிட்டான். சோப்ளாங்கி கான்ஃபரன்ஸில் குவித்த புள்ளிக்கு மயங்கி இத்தனை பேர் ஓட்டுப் போட்டது அநியாயம் என்பதே இன்றைக்கும் என் தீர்ப்பு. அக்கா மகனிடமும் சொல்லிவிட்டேன், அவன் போட்டது ஃபார்வர்டுக்கு. அடுத்த சீசனுக்கு எங்களிடம் பயிற்சியாளர் இல்லாத காலேஜ்கள் இன்னும் இருக்கின்றன. கூடைப்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்கே தெரியாது. பாக்ஸ் ஸ்கோரில் இல்லாததை இருக்கிறது என்று அடித்துப் பேசத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். என் கட்சிக்கு ஓட்டுக் குறைகிறது.