நெகட்டிவும் தூசியும்

4×5 அங்குல ஷீட் பிலிமில் படமெடுப்பவனுக்கு லென்ஸின் கூர்மையைக் காட்டிலும் தூசியைப் பற்றிய விசாரமே பெரிது என்றால் பிறருக்கு அது விசித்திரமாகத் தோன்றலாம். இருட்டறையில் பழகியவர்களோ அதை உடனே ஒப்புக்கொள்வார்கள். 35 மி.மீ. நெகட்டிவைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு பரப்புள்ள இந்தப் பிலிமை 16×20 அங்குலப் படமாக அச்சிட 4 மடங்கு பெரிதாக்கினால் போதும். சிறிய நெகட்டிவையோ 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். ஆகவே நம் படத்தில் துகள் சிறிதாகவே தெரியும் என்பது ஒரு சௌகரியந்தான். ஆயினும் பரப்பு விரிய விரியத் தூசி வந்தமரும் இடமும் விரிகிறது. மேகமற்ற ஆகாயத்தில் விழுந்த புள்ளியை மறைக்க அங்கே இலையுமில்லை, கல்லுமில்லை.

புள்ளியின் நிறமே தூசி வந்த காலத்தைச் சொல்லிவிடும். வெண்புள்ளி, என்லார்ஜரில் நெகட்டிவின்மேல் கிடந்த தூசியின் நிழல். நெகட்டிவைத் துடைத்து மறுபடி அச்சிடலாம், அல்லது மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டு நிரப்பிவிடலாம். கரும்புள்ளி அவ்வளவு எளிதில் தீராது. படமெடுத்த கணத்திலேயே பிலிமின்மேல் இருந்த துகள் ஒளியைத் தடுத்துவிட்டபடியால் நெகட்டிவில் அவ்விடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடுகிறது. அச்சில் அதை அகற்ற, காகிதத்தின் மேற்பூச்சைக் கத்திமுனையால் அணு அணுவாகச் சுரண்ட வேண்டியிருக்கும்.

ஆதலால் என் சிரத்தையெல்லாம் ஹோல்டரில் பிலிம் ஏற்றும் வேளையில் குவிகிறது. ஹோல்டரின் தடங்களையும், பிலிமை ஒளிபடாமல் மூடும் தகடான டார்க் ஸ்லைடு நுழையும் வாயிலுள்ள வெல்வெட்டையும் வெளிச்சத்திலேயே தூரிகையால் சுத்தம் செய்துகொண்டு, பிறகு விளக்கை அணைத்து, பிலிம் மூலையிலுள்ள வெட்டுக்குறியை விரலால் தடவிப் பார்த்து, அது வலப்பக்க மேல்மூலையில் வந்தால் மருந்துபூசிய பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது என்று நிச்சயித்த பின்னரே ஏற்றுகிறேன். வறண்ட காற்றில் டார்க் ஸ்லைடை வேகமாக உருவினால், உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் தூசியைப் பிலிமின்பால் இழுக்கும். ஆகையால் ஏற்றும் அறையில் சற்றே ஈரப்பதம் இருப்பது நல்லது, கையில் நிதானம் இருப்பது அதனினும் நல்லது. காமிராவின் பெல்லோஸையும் மறக்கலாகாது; உட்புறத்தைத் துடைக்காமல் விட்டால், அது விரிந்து சுருங்கும்போதெல்லாம் உள்ளே படிந்த துகள்கள் கிளம்பிப் பிலிமை நாடும்.

கழுவிய பின்னும் ஜாக்கிரதை வேண்டும். ஈரமான ஜெலட்டினில் படிந்த தூசி அது காயும்போது உள்ளேயே பதிந்துவிடுமாதலால், நடமாட்டமற்ற அறையில்தான் நெகட்டிவைத் தொங்கவிட வேண்டும்.

லென்ஸ் சேகரித்த நுட்பமெல்லாம் பார்வையாளரின் கண்ணை எட்டுவதும் எட்டாததும் இச்சிறு காரியங்களைப் பொறுத்தே இருக்கிறது. படத்தில் தெளிவு வேண்டுவோர், புதிய லென்ஸுக்குப் பணம் செலவழிக்குமுன், பிலிம் ஏற்றும் மேஜையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடட்டும் என்பதே நான் துணிந்து சொல்லும் யோசனை.