அழுத்தமும் ஓட்டமும்

மின்சாரத் தொழிலுக்கு வருகிற எவனுக்கும் முதலில் கற்பிக்கப்படுபவை இரண்டே கணக்குகள்: அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது தடை, அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1827-ல் நூலாக வெளியிட்டபோது அந்நாட்டு அறிஞர் பலர் பொருட்படுத்தாத அந்த வகுத்தல் விதி, இன்று ஐ.டி.ஐ. மாணவனின் ஆரம்பப் பாடம். ஆயினும், பாலக்காட்டின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புகளிலும், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக ஏறிச் செல்லும் மறையூர்க் கரும்புத் தோட்டங்களிலும் மோட்டார்க் கொட்டகை கொட்டகையாக ஒயர்மேன் வேலை பார்த்து வரும் எனக்கு அனுபவம் உணர்த்திய சத்தியம் ஒன்று உண்டு. கணக்கு எளிது, அதில் இடவேண்டிய எண்களை எங்கே, எந்நிலையில் அளப்பது என்பதை அறிவதுதான் தொழில்.

மழை மறைவுப் பிரதேசமாகிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கிணறும் போர்வெல்லும் இன்றி விவசாயம் இல்லை. வீட்டருகே மீட்டர்ப் பெட்டியும், தோப்பின் கோடியில் மோட்டாருமாக இருப்பதும் அங்கே சகஜம். அத்தகைய தோப்பொன்றில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று என்னை அழைத்த பெரியவர், "மோட்டாரு வீக்காயிருச்சுன்னு சொல்றாங்க தம்பி, புதுசு வாங்கிப் போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார். மோட்டார் ஓடாதபோது கொட்டகையில் அளந்தால் மீட்டர்ப் பெட்டியில் உள்ள அதே 225 வோல்ட் காட்டியது. ஓட்டம் இல்லாத கம்பியில் அழுத்தம் குறைவதில்லையாதலால், அந்த அளவு எதற்கும் சாட்சியாகாது. மோட்டாரை ஓடவிட்டு, ஓட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரின் வாயில் பேஸ் ஒயரை மட்டும் மாட்டிப் பார்த்தேன். நியூட்ரலையும் சேர்த்து மாட்டினால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, முள் பூஜ்யத்திலேயே நிற்கும். ஓட்டம் 12 ஆம்பியர். பெட்டியில் 225 வோல்ட் அப்படியே இருக்க, கொட்டகையில் 192 வோல்ட்.

இடையில் காணாமற்போன 33 வோல்ட்டை 12-ஆல் வகுத்தால் தடை 2.75 ஓம், பெருக்கினாலோ 396 வாட். அங்கே போட்டிருந்த நான்கு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.6 ஓம் தடை உண்டு. கொட்டகைக்கு முந்நூறு மீட்டர் என்றால் போக வர அறுநூறு மீட்டர். கணக்கு அச்சாகப் பொருந்திற்று. மோட்டாரில் பழுதில்லை. அது ஓடுகிற நேரமெல்லாம் நானூறு வாட் அளவுக்குக் கம்பியே உஷ்ணமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்தே மீட்டர் சுற்றிற்று. "புதுசு வேண்டாமுங்க ஐயா, ஒயரை மாத்துனாப் போதுமுங்க" என்றேன். பத்துச் சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினால் அதே 12 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 13 வோல்ட்டில் அடங்கும்.

கம்பி நெடுகப் பரவிய நஷ்டம் பணத்தைத் தின்னும். ஒரே புள்ளியில் குவிந்த நஷ்டமோ வீட்டையே எரிக்கும். மழைக் காலத்தில் ஜாயிண்டில் பச்சைக் களிம்பு ஏறி அரை ஓம் தடை உண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆம்பியர் ஓடும்போது அங்கே இழக்கப்படுவது ஐந்து வோல்ட்தான். ஆனால் அந்த ஐந்தும் பத்தும் பெருகிய ஐம்பது வாட், ஒரு சால்டரிங் அயர்னின் சூட்டுக்குச் சமமாக, விரல்நுனி அளவு இடத்தில் இரவு பகலாக வெந்துகொண்டிருக்கும். ஆகவே, பியூஸ் மாட்டும் கட் அவுட்டின் பீங்கான் கறுத்திருந்தால் பியூஸ் கம்பியைக் குறை கூறுமுன் அதன் திருகை ஆராய வேண்டும்.

பொருளின் சுபாவம் அறியாமல் வகுத்தலும் பெருக்கலும் செய்வது அபாயம். 230 வோல்ட்டுக்கான 1000 வாட் ஹீட்டரின் தடை சுமார் 53 ஓம். அழுத்தம் 180-க்கு இறங்கினால் ஓட்டமும் உடன் இறங்கி, திறன் 612 வாட்டாகச் சுருங்கும். தண்ணீர் காயத் தாமதமாகும், அவ்வளவே. மோட்டாரோ தன் சுமையை இழுத்தே தீரவேண்டியதாதலால், அழுத்தம் குறையக் குறைய அதிக ஆம்பியரை வாங்கி, காயிலைச் சுடவைத்துக்கொள்ளும். லோ வோல்டேஜில் மோட்டார்கள் எரிவதன் காரணம் இதுவே. 192-ஐ 12-ஆல் வகுத்து வரும் 16 ஓமை அதன் காயிலில் தேடினால் கிடைக்காது. சுழற்சியால் எழும் எதிரழுத்தமும் அதில் கலந்திருக்கிறது. அவ்வாறே 192-ஐ 12-ஆல் பெருக்கி வரும் 2304 முழுவதும் வாட் அன்று; பவர் பாக்டர் 0.8 என்றால் உண்மைத் திறன் 1843 வாட்தான்.

தோப்புக் கம்பிக்கு உரிய இவ்விதியே மலைமேல் பெருந்திட்டங்களையும் ஆளுகிறது. முதிரப்புழை நீரைக் கொண்டு 1940-ல் பள்ளிவாசலில் தொடங்கிய மின்னுற்பத்தியும், 1976-ல் தொடங்கி 780 மெகாவாட்டாக வளர்ந்த இடுக்கித் திட்டமும் தம் மின்சாரத்தை உயரழுத்தத்தில்தான் மலையிறக்குகின்றன. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், அதே திறனைக் கொண்டுசெல்ல ஓட்டம் பத்தில் ஒன்று போதும். கம்பியில் நேரும் நஷ்டமோ நூறில் ஒன்றாகிவிடும்.

ஆகையால் இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: மோட்டாரைக் கழற்றுமுன், அது ஓடும்போதே, இரு முனையிலும் அழுத்தத்தையும் நடுவில் ஓட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிஷப் பிரயாசை ஒரு விவசாயியை வீண் கடனிலிருந்து காக்கும்.