தோட்டாவும் இரண்டாவது சாவியும்

தலைப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். எழுபத்திரண்டு வயதில் நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. டெக்சாஸில் மகன் வீட்டோடு வந்து ஏழு வருஷம் ஆகிறது. ரிடையர் ஆனவர்கள் இங்கே சும்மா இருப்பதில்லை. ஒருவர் தோட்டம் போடுகிறார், ஒருவர் மரவேலை செய்கிறார். நான் போன வருஷத்திலிருந்து கைத்துப்பாக்கிக்குத் தோட்டா கட்டுகிறேன். போனில் இதைச் சொன்னதும் என் தம்பி இரண்டு நிமிஷம் பேசவே இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், தோட்டா செய்வதும் குற்றம். இங்கே கிரீன் கார்டு உள்ளவர்கள் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம். செய்து விற்பதாக இருந்தால்தான் வேண்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது பாயிண்ட் 22 ரைஃபிளில் குறி பார்த்துச் சுட்டிருக்கிறேன். அதோடு சரி. பிறகு முப்பத்தெட்டு வருஷம் பாங்கில் காஷ் கவுண்டர். இங்கே எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பத்தொன்று வயது. ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஒரு சனிக்கிழமை என்னைச் சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். காகித வட்டத்தில் சுடுவதுதான், வேறு ஒன்றுமில்லை. ஐம்பது தோட்டா தீர்ந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். அவர் மட்டும் குனிந்து தரையில் கிடந்த காலிக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கினார். கல்யாண வீட்டில் பாத்திரத்தை எண்ணி வாங்குகிற மாதிரி எண்ணி டப்பாவில் போட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது.

ஒரு தோட்டாவில் நாலே சமாச்சாரம். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் பொட்டு மாதிரி ஒரு பிரைமர். உள்ளே மருந்து. வாயில் ஈயக் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அது எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த நல்ல பித்தளை. நாலிலும் விலை கூடியது அதுதான் என்று பெரியவர் சொன்னார். பத்திரமாக நடத்தினால் பல தடவை வேலை செய்யும். சுடச்சுடப் பித்தளை இறுகி, ஒருநாள் வாயோரத்தில் கீறல் விடும். அன்றைக்கு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

வேலையும் ஒரு வரிசைப்படிதான். கூடுகளைப் பொடித்த சோளத்தக்கையோடு ஓர் உருளையில் போட்டுச் சுற்றவிட்டால் அழுக்குப் போய்ப் பளபளக்கும். அந்தத் தூசியில் ஈயம் இருக்கும். அதனால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காப்பித் தம்ளரைத் தொடக் கூடாது. பிறகு மேஜையில் திருகாணி போட்டு இறுக்கிய அழுத்து இயந்திரம். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஊதிப்போன கூடு பழைய அளவுக்கு வரும், செத்த பிரைமர் கீழே விழும். அடுத்து வாயைக் கொஞ்சம் அகட்டுவது, புதுப் பிரைமர் வைப்பது, மருந்து போடுவது, குண்டை உட்கார வைப்பது, கடைசியாக வாயை இறுக்கி மூடுவது. அவருடையது ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனியின் பச்சை நிற இயந்திரம், பல வருஷம் உழைத்தது.

இதில் மற்றதெல்லாம் கைப்பழக்கம். மருந்து போடுவது மட்டும் வேறு ஜாதி வேலை.

மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு இது புரியும். நகைக்கடையில் முன்பு தோலா என்று சொல்வார்களே, அந்த ஒரு தோலாவுக்கு 180 கிரெயின். எங்கள் பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவுக்குப் போடும் மருந்தோ மூன்று, நான்கு கிரெயின்தான். மருந்துக்கு மருந்து இது மாறும். எந்த மருந்து, எந்தக் குண்டு, எத்தனை கிரெயின் என்பதை அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று செய்வது கிடையாது. பெரியவரே என்னிடம் அளவை வாயால் சொன்னதில்லை; புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டுவார்.

இந்தத் தோட்டாவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கரிமருந்துக் காலத்தில் பிறந்தது. கரிமருந்துக்கு வீரியம் குறைவு, நிறையப் போட வேண்டும். அதனால் கூட்டை நீளமாகச் செய்தார்கள். இன்றைய புகையில்லா மருந்து அதே கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கிறது, மீதி இடம் காலி. தெரியாமல் ஒரே கூட்டில் இரண்டு தடவை போட்டாலும் வழியாது! அதைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகத்தில் குண்டு பாதி தூரம் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். கார் டயரில் காற்றழுத்தம் சுமார் 32 பி.எஸ்.ஐ. இந்தத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 17,000. அதுவும் சரியான மருந்து போட்டால்.

பெரியவர் இதையெல்லாம் விளக்கியபோது எனக்குப் பாங்கு ஞாபகம் வந்தது. நோட்டுக் கட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், அறுபதோ தொண்ணூறோ, எங்கே நின்றாலும் கட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்துதான் எண்ணுவோம். "எண்பத்தேழில் விட்டேன்" என்று தொடர்கிறவன் காஷியர் இல்லை. இங்கேயும் அதே சட்டம். நடுவில் போன் அடித்தாலோ, கதவு தட்டினாலோ, போட்ட மருந்தையெல்லாம் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து. நான் இதை உடனே பிடித்துக்கொண்டேன் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஆறு மாதம் அவர் வீட்டு ஷெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐம்பது குழி உள்ள பலகையில் கூடுகளை நிறுத்தி அவர் மருந்து போட்டு முடித்திருந்தார். குண்டு வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவர் வழக்கம். மூன்றாவது வரிசையில் டார்ச் நின்றது. ஒரு கூட்டில் மருந்து மேலே நின்றது. அடுத்ததிலும் அப்படியே.

"நல்லவேளை, பார்த்துவிட்டீர்கள்" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் ஐம்பதையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மருந்தை டப்பாவில் கொட்டினார். மூடியைத் திருகினார். பிறகுதான் பேசினார். "பார்த்துவிட்டேன், சரி. ஆனால் இரண்டாவது தடவை போட்டது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. யோசித்துப் பார்த்தும் வரவில்லை."

அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தார். இயந்திரத்தை மேஜையிலிருந்து கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். நான் விலை கேட்டேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

இயந்திரம் வந்து ஒரு மாதம் நான் அதைத் தொடவில்லை. அவர் லேத்தில் நூலிழை பிசகாமல் வேலை பார்த்தவர். அவருக்கு வந்தது எனக்கு வராது என்று என்ன நிச்சயம்? மறதி முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது? மறந்தவனுக்கு மறந்தது தெரியாது, அதுதான் அதன் குணமே.

பாங்கில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று ஆபீசரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். என்னைத் திருடன் என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை. மனிதன் ஒருத்தனை நம்பி ஒரு கதவை விடக் கூடாது, அவ்வளவுதான். வீட்டு மேஜையில் ஆபீசர் யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"ஏங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று முதலில் முறைத்தாள். அது நியாயமான கேள்விதான். எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. கண்ணும் கையும் புத்தியும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கிற வேலை இந்த வயதில் வேறு எதுவும் எனக்கு அகப்படவில்லை என்றேன். பேசாமல் வந்து பலகையைப் பார்த்தாள். "பணியாரச் சட்டி மாதிரி இருக்கு. ஒரு குழியில மாவு கூடக் குறைய இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, பார்வை என்னைவிடக் கூர்மை. அன்றிலிருந்து இதுதான் முறை. காலை ஆறரைக்கு, பேரன் எழுந்திருப்பதற்கு முன்னால். ஒரு நாளைக்கு ஐம்பதுதான். போன் வேறு அறையில். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மருந்து போட்டு முடித்ததும் நான் எழுந்துகொள்வேன், அவள் என் இடத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் குண்டு வைப்பேன். தேதியும் அளவும் எழுதிய நோட்டில் அவளும் கையெழுத்துப் போடுகிறாள். முடிந்ததும் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழும்.

பெரியவர் இன்னும் சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வருகிறார். இப்போது மகள்தான் அழைத்து வந்து பக்கத்திலேயே நிற்கிறாள். கடையில் வாங்கிய தோட்டாவைத்தான் சுடுகிறார். நான் கட்டியதை ஒரு தடவை நீட்டினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்தவர் கட்டிய தோட்டாவைச் சுடாதே என்பது அவர் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். எனக்காக அவர் அதை மாற்றவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பலகையில் ஒரு குழி தப்பாக இருந்து, அது எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியாமல் போனால் அன்றோடு கடை மூடல். நான் வாதாடக் கூடாது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.