வௌவால் வந்தது, கரண்ட் போனது

தங்கவயலில் கரண்ட் போனால் பெரிசுகள் பழைய கதையைச் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை. பெங்களூர் தெருக்களில் எண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கி.மீ. கம்பியில் ஓடி 1902 ஜூன் 30 அன்று கோலார் தங்கவயலை எட்டியது. அன்று உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905 ஆகஸ்ட் 5ல். திட்டத்துக்கு உயிர் கொடுத்த மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை; 1901லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பெருமையெல்லாம் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஆறுதலா என்ன? மறுநாள் லைன்மேனைப் பிடித்துக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும்: "அணிலு." இல்லாவிட்டால் "வவ்வாலு." கேட்டவர் முறைப்பார். வேலைக்கு வராததற்குப் பாட்டி செத்துப்போனதாகச் சொல்கிற ரகம் என்று நினைப்பார். பாவம், லைன்மேன் சொல்வது பல நேரம் நிஜம்.

ஒரே கம்பியில் வரிசையாக உட்காரும் குருவிக்கு ஒன்றும் ஆவதில்லை. மின்சாரம் அதன் உடல் வழியாகப் போய்ச் சேர வேறு இடமில்லை. இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டால்தான் வினை. கம்பியையும், தரையோடு இணைந்த இரும்புச் சட்டத்தையும் சேர்த்துத் தொட்டாலும் அதே கதிதான். பழந்தின்னி வௌவால் சிறகை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். 11,000 வோல்ட் கம்பிகளின் இடைவெளியை அடைக்க அது போதும். கம்பியில் நாள்கணக்கில் காய்ந்து தொங்கும் கறுப்பு உடல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணிலின் வழி வேறு. டிரான்ஸ்பார்மரின் தலையில் கொம்பு மாதிரி பீங்கான் புஷிங்குகள் நிற்கும். இரும்புத் தொட்டியில் பின்னங்கால், புஷிங்கின் முனையில் முன்னங்கால். ஒரு 'டப்' சத்தம், ஃபியூஸ் போயிற்று, தெரு இருண்டது. காக்கை இன்னும் கெட்டிக்காரி. சுள்ளி கிடைக்காத ஊரில் துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி வந்து கூடு கட்டுகிறது, அதுவும் மின்கம்பத்தின் உச்சியில். அதில் இருக்கும் முட்டையைத் தேடிப் பாம்பு ஏறினால் கணக்கு இரண்டாகிவிடும்.

சுரங்கம் ஓடிய நாளில் கரண்ட் நின்றால் வியர்ப்பதோடு விஷயம் முடியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். காற்றை உள்ளே தள்ளவும், நீரை இறைக்கவும், ஆளை மேலே கொண்டுவரவும் மின்சாரம் வேண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் உயிர் அந்தக் கம்பியில் தொங்கியது என்றால் அதில் மிகை அதிகமில்லை. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. இப்போது கரண்டுக்காகக் காத்திருப்பவர்கள், விடிவதற்கு முன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் குளியல் இல்லை; ரயில் மட்டும் காத்திருக்காது.

ஒரு தெருவை இருட்டாக்கும் விலங்கு ஒரு நாட்டையே இருட்டாக்குமா? ஆக்கியிருக்கிறது. 2016 ஜூன் 7 அன்று கென்யாவின் கிடாரு மின்நிலையத்தில் ஒரு குரங்கு கூரையிலிருந்து டிரான்ஸ்பார்மர் மேல் விழுந்தது. நாடு முழுக்க கரண்ட் போனது, குரங்கு பிழைத்துக்கொண்டது. இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார் மின்துறை அமைச்சர். தீவே இருண்டது, ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் வேறு விவரம் வந்தது. விடுமுறை நாள், மின்தேவை குறைவு; நல்ல வெயில், சூரிய மின்சாரம் ஏராளம். அதிர்ச்சியைத் தாங்கும் வலு அப்போது மின்தொடருக்கு இல்லை என்று இலங்கை மின்சார சபையே சொன்னது. குரங்கு தொட்டது ஒரு இடத்தை. ஒரு இடத்தின் பழுதை அங்கேயே நிறுத்த முடியாமல் போனதற்கு அதை எப்படிக் குற்றவாளியாக்குவது?

புஷிங்குக்குக் காப்பு உறை மாட்டலாம். விலங்குகள் நடமாடும் இடத்தில் வெறுங்கம்பிக்குப் பதில் உறையிட்ட கம்பி இழுக்கலாம். தொய்ந்த கம்பியை இறுக்கலாம், கிளையை வெட்டலாம். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. உறையின் விலை, எரிந்துபோன டிரான்ஸ்பார்மரின் விலைக்கு முன்னால் தூசு. ஆனாலும் நடப்பதென்னவோ, எரிந்த பிறகு மாற்றுவதுதான்.

தங்கவயலுக்குத் தெற்கே காமசமுத்திரம் பக்கம் போனால் விஷயத்தின் கனம் டன் கணக்கில் கூடிவிடும். தமிழ்நாட்டு எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் யானைகள் ராகிக் கொல்லைக்கு வந்துபோகும் பகுதி அது. தெருவோரம் அல்லாத இடங்களில் 11,000 வோல்ட் வெறுங்கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்றன 1956ம் வருட இந்திய மின்சார விதிகள். தோள்வரையே 3 மீட்டருக்குப் பக்கமாக வளரும் ஆண் யானை தும்பிக்கையைத் தூக்கினால் மிச்சம் எவ்வளவு? கம்பி தொய்ந்திருந்தால் அதுவும் இல்லை. பயிரைக் காக்க வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பவர்கள் வேறு. அந்த வேலி யானை, பசு, பக்கத்துக் கொல்லைக்காரர் என்று பார்ப்பதில்லை. 2024 வரையான 5 ஆண்டுகளில் இந்தியாவில் மனிதச் செயல்களால் இறந்த யானைகள் 528 என்றது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு. அதில் 392 மின்சாரம் தாக்கி இறந்தவை.

2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் இரண்டும் நடந்தன. மாரண்டஅள்ளி அருகே கள்ள மின்வேலியில் ஒரே இரவில் மூன்று யானைகள் விழுந்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றுகொண்டிருந்தன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேல் ஏறிய ஆண் யானையின் உடல் மின்கம்பியில் பட்டது. கரை உயர்ந்திருந்த அளவுக்கு, மேலே போன கம்பி உயரவில்லை.