கடைமடைக்காரனுக்கு ஓட்டு உண்டா?

நவம்பர் 9

வீடு வந்து சேரும்போது மணி ஒன்பதரை. மூன்றாம் மடைக்குக் கிழக்கே கண்மாய்க்கரை கசிகிறது என்று சாயங்காலம் போன் வந்தது. ஊர்ப் பையன்கள் டார்ச் பிடிக்க, மணல்மூட்டை அடுக்கி முடியும்வரை நின்றேன். கசிவு தெளிந்த நீராக வந்தால் கரை தாங்கும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துப் போகிறது என்று பொருள். பொறியியல் கல்லூரியில் இதைப் படம் வரைந்து படித்திருக்கிறேன். உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கச் சொல்லித் தந்தவர் இந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சித் தாத்தா. இன்றைக்கும் ஏந்திப் பார்த்தேன். தெளிந்துதான் வந்தது.

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். டெல்ஃப்ட் படிப்புக்கான விண்ணப்பம் பிறந்த தேதியோடு நிற்கிறது. எனக்கு 46. போன மாதம் அந்தக் கட்டத்தை நிரப்பியதும் மூடிவைத்தேன். இன்றைக்கு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

நவம்பர் 17

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

2002இல் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது எங்கள் செயற்பொறியாளர் நெதர்லாந்தில், டெல்ஃப்டில் படித்துத் திரும்பியவர். ஐ.எச்.இ. என்ற அந்த நிறுவனம் 1957இல் தொடங்கியது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற பொறியாளர்கள், அதிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறவர்கள், நீரைப் பற்றிப் படிப்பதற்கென்றே உண்டான இடம். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நெதர்லாந்து வரைபடம் இருக்கும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நிலம் நீல நிறத்தில். ஏறத்தாழ நாட்டில் கால்வாசி. "நாடு என்று ஒன்று உருவாவதற்கு முன்னாலேயே அங்கே கரையைக் காக்க ஊர்க்காரர்கள் வாரியம் வைத்துவிட்டார்கள் அம்மா" என்று அவர் சொன்னது என்னைவிட்டுப் போகவே இல்லை.

அப்போதே போக நினைத்தேன். பிறகு கல்யாணம், மகள், அப்பாவின் டயாலிசிஸ், இடமாற்றங்கள். அதில் எதையும் நான் இழப்பாக நினைக்கவில்லை. மனமொப்பித்தான் செய்தேன்.

ஆனால் இங்கே கரையும் தண்ணீரும் யார் கையில் என்ற கேள்வி கூடவே வளர்ந்தது. ராமநாதபுரம் சீமையின் விவசாயம் கண்மாயை நம்பியது. வைகையே இங்கே பெரிய கண்மாயில் வந்து அடங்குகிற ஆறு. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வார்கள். எந்த மடை முதலில், எத்தனை நாழிகை, யார் வயலுக்குப் பிறகு யார் வயல் என்பதையெல்லாம் ஒரு காலத்தில் ஊரே வகுத்து வைத்திருந்தது. மழைக்கு முன்னால் கூடி வரத்துக்கால் வெட்டினார்கள், கரைக்கு மண் போட்டார்கள். குடிமராமத்து என்று பெயர். அதைச் செய்யத் தவறினால் தண்டம் என்று 1858இல் சென்னை மாகாணம் சட்டமே போட்டது. ஊர் தன் கண்மாய் என்று செய்துவந்த வேலைக்குக் கட்டாயச் சட்டம் தேவைப்பட்டதென்றால், அதற்குள் அது ஊரின் கையைவிட்டு நழுவத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படித்தான் எனக்குப் படுகிறது.

2017இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. நானே எஸ்டிமேட் போட்டேன், எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் எழுதினேன். சீமைக்கருவேலம் போனது, கரை உயர்ந்தது, மடைக்குப் புதுக் கதவு வந்தது. நல்ல வேலைதான். கதவை எப்போது திறப்பது என்று பேசக் கூட்டம் போட்டபோது பதினோரு பேர் வந்தார்கள். மேல்மடைக்காரர்கள் மட்டும்.

கான்கிரீட்டைப் பற்றிப் படிக்க நான் போகவில்லை. தண்ணீரை யார் பங்கு பிரிப்பது என்பதைப் படிக்க வேண்டும்.

டிசம்பர் 1

தாத்தாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். மடை திறப்பது இப்போது பேரன். அறுவடைக் களத்தில் நெல்லாக அளந்த கூலி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாகிவிட்டது. அதுவும் எல்லோரும் தருவதில்லை.

"தண்ணியப் பத்திப் படிக்கச் சீமைக்கா போகணும் தாயி?" என்று கேட்டார்.

அங்கே 21 நீர்வாரியங்கள் இருக்கின்றன என்று சொன்னேன். டெல்ஃப்ட் நகரம் இருக்கிற டெல்ஃப்லாண்ட் வாரியம் 1289இல் தொடங்கியது. மதுரையில் மாறவர்மன் குலசேகரன் ஆண்ட காலம். "பாண்டிய ராசா இருக்கும்போது ஆரம்பிச்சது தாத்தா. இன்னும் நடக்குது. நாலு வருஷத்துக்கு ஒருதரம் தண்ணிக்குன்னே தனியா எலெக்சன் வைக்கிறாங்க."

வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "கடைமடைக்காரனுக்கு ஓட்டு உண்டா?"

"உண்டு தாத்தா. நெலமே இல்லாம வாடகை வீட்ல இருக்கவங்களுக்கும் உண்டு. பதினெட்டு வயசு ஆகணும், அவ்வளவுதான்."

"அப்ப நெலம் உள்ளவன் சும்மா இருப்பானா?"

"விவசாயிகளுக்குன்னு தனியா எடம் ஒதுக்கியிருக்காங்க."

"அந்த எடம் மேல்மடைக்காரனுக்கா, கீழ்மடைக்காரனுக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். "பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். எங்கள் பகுதியில் பாசன சபைக்குப் பட்டாவைப் பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். கடைமடையில் பாதிக்கு மேல் குத்தகைச் சாகுபடி. வயலில் நிற்கிறவர் பெயர் பட்டியலில் இல்லை. ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று 22 வருடமாக எழுதிவருகிறேன். அதில் யார் உழுகிறார் என்று ஒரு காகிதத்திலும் எழுதியதில்லை. எனக்கு அது வலிக்கிறது.

டிசம்பர் 15

வீட்டில் சொல்லிவிட்டேன்.

கணவர் உடனே கணக்கைத்தான் எடுத்தார். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு, படிப்புக் கட்டணம், அங்கே வாடகை, சாப்பாடு. "உதவித்தொகை கிடைச்சாப் போ. கிடைக்கலைன்னா பேசுவோம்." நியாயமான பேச்சு. மகள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிளஸ் டூ படிக்கிறாள். "நான் காலேஜ் சேர்ற வருஷமாப் பாத்துத்தான் போகணுமாம்மா?" அதற்கு நான் ஏதோ சொன்னேன். சொன்னது அவளுக்குப் போதவில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 20

மதுரையில் ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். ஒரு மாதமாக விடிகாலை நாலரைக்கு எழுந்து பயிற்சி. அலுவலகத்தில் நான் எழுதுகிற ஆங்கிலம் எஸ்டிமேட்டுக்கும் டெண்டருக்கும் ஆனது. அதில் 'நான்' என்ற சொல்லே வராது. இங்கே 40 நிமிடத்தில் 250 சொல்லுக்குக் குறையாமல் என் கருத்தை எழுத வேண்டும். முதல் வாரம் பேனா நகரவில்லை. கருத்து நிறைய இருந்தது, அதை என் பெயரில் சொல்லிப் பழக்கமில்லை.

மதிப்பெண் பட்டியலின் உறையிட்ட நகல் கேட்டு, படித்த பல்கலைக்கழகத்துக்கு நாலு தடவை அலைந்தாயிற்று. 2000ஆம் ஆண்டுப் பதிவேடு வேறு கட்டடத்தில் இருக்கிறதாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நோக்க அறிக்கையை ஆறாவது தடவையாகத் திருத்தினேன். முதல் பத்தியில் என் அனுபவ ஆண்டுகளும் பார்த்த பணிகளும் இருந்தன. அடித்துவிட்டுத் தாத்தாவின் கேள்வியை வைத்தேன். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்தது.

பிப்ரவரி 11

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் வந்தது. மொத்தம் 7, எழுத்தில் 6.5.

நான் விண்ணப்பித்த உதவித்தொகை இரண்டும் கைகூடவில்லை. ஒன்றில், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. இன்னொன்றில் நேர்காணல்வரை போய் நின்றுவிட்டது. வேலைக்கு இடையில் படிக்க வருகிறவர்களுக்குப் பட்டம் பழையதாகத்தானே இருக்கும்? அந்த ஆறு வருட விதியை எழுதியவர்கள் கரையில் நிற்கிற ஒருவரையாவது மனதில் வைத்திருக்கலாம்.

மார்ச் 26

மகளுக்குத் தேர்வு முடிந்தது. டெல்ஃப்டிலிருந்து எனக்குச் சேர்க்கைக் கடிதம் பத்து நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்து இன்றைக்குக் காட்டினேன். முழுக்கப் படித்தாள். "இதுல நீ எழுதுனதப் பத்தியே தனியா ஒரு வரி போட்டிருக்காங்கம்மா" என்றாள். கோபம் போகவில்லை. ஆனால் கடிதத்தைக் கசங்காமல் உறையில் வைத்துத் தந்தாள்.

2011இல் பரமக்குடியில் வாங்கிய மனையை விற்பதென்று நானும் அவரும் பேசி முடித்தோம். இரண்டு இரவு பேசினோம். அவளுக்கென்று வாங்கியது அது. திரும்பி வந்த பிறகு 12 வருடத்துக்கு மேல் சம்பளம் இருக்கிறது, அதிலிருந்து மறுபடி சேர்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவர், இந்தப் பட்டத்தால் பதவி உயர்வு உண்டா என்று கேட்டார். கிடையாது. விடுப்பு விண்ணப்பமும் பாஸ்போர்ட்டுக்கான தடையில்லாச் சான்றும் மேலே போயிருக்கின்றன.

அம்மா இன்றைக்குத்தான் பேசினாள். மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு வருசந்தானத்தா? நா இருப்பேன், போயிட்டு வா." தேய்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

ஏப்ரல் 6

இடத்தை உறுதி செய்து அனுப்பிவிட்டேன்.

காலையில் தாத்தாவைப் பேரனின் வண்டியில் உட்காரவைத்துக் கரைமேல் அழைத்துப் போனேன். கண்மாயில் நடுக்குழியில் மட்டும் நீர். ஒரு முழு மழைக்காலம் எந்தக் கண்மாய்க்கரையிலும் நான் இருக்கமாட்டேன். சேர்ந்த நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. போவதற்குள் பழைய முறையை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மடைமடையாக நிறுத்திச் சொன்னார். முதல் மடை, கோயில் நிலத்துக்கு ஒரு பகல். இரண்டாவது, வடக்குத்தெருவுக்கு இரண்டு சாமம். ஐந்தாவது, வாய்க்காலில் குறுக்குக்கல் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும், கல்லின் உயரம் ஒரு சாண். குரல் தளரவே இல்லை. ஒன்பது பக்கம் எழுதினேன்.

கடைசி மடையில் இறங்கவில்லை. வண்டியிலிருந்தே பார்த்தார்.

"இதுக்கு முறை கெடையாது தாயி. மிச்சம் வந்தா வரும்."

அதையும் எழுதிக்கொண்டேன்.