அம்பிட்டியச் சாரலில் ஒரு சனசமூக நிலையம்

உண்ண உணவும் உடுக்க உடையும் இருக்க இடமும் மனிதர்க்கு இன்றியமையாதன என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், உழைத்துக் களைத்தவர் அயலவரோடு கூடியிருந்து பேசவும் படிக்கவும் ஆடவும் பாடவும் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்று கூறினால், அஃது ஆடம்பரம் எனச் சிலர் கருதுகின்றனர். தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கு அத்தகைய இடம் ஆடம்பரமன்று என்பதையும், அதனை அமைக்க முற்படுவோர் எதனை முதலில் எண்ணவேண்டும் என்பதையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

விழா ஆண்டு வந்தால் விளக்கேற்றிப் பேசி விருந்துண்டு கலைவதோடு அமையாது, நிலைத்து நிற்கும் நற்பணி ஒன்றையும் செய்தல் வேண்டும் என நம் பழைய மாணவர் சிலர் விரும்பினர். கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா வழியாக ஹங்குராங்கெத்தைக்குச் செல்லும் வீதியை நேயர்கள் அறிவர். அவ்வீதியை விட்டு மேலேறும் சாரலில் உள்ள தோட்டப் பிரிவு ஒன்றில் சனசமூக நிலையம் அமைப்பது என்று பேச்செழுந்தது. அப்பிரிவின் பிள்ளைகள் பலர் எம்மிடம் தமிழ் பயின்றவர்கள். அது காரணமாகத் திட்டத்தின் முதல் வரைவை எழுதும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லய அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வதை நூல்களிற் படிப்பது வேறு; மாலை ஆறு மணிக்கு அங்கே சென்று நிற்பது வேறு. அடுப்புப் புகையும் தொலைக்காட்சியின் ஒலியும் பாட்டியின் இருமலும் கைக்குழந்தையின் அழுகையும் ஒரே அறையில் நிறைந்திருக்கும். மாணவி ஒருத்தியின் கொப்பியில் எண்ணெய்க் கறை கண்டு காரணம் வினவினோம். இஸ்தோப்பில் மழைச்சாரல் அடிப்பதால் அடுப்பங்கரையில் இருந்து எழுதுவதாக அவள் கூறினாள். அவள் எழுத்தோ அச்சிற் கோத்தாற் போன்றது. கல்வியில் ஊக்கமில்லை என்று இப்பிள்ளைகளைக் குறைகூறுவோர், விரித்த புத்தகத்தை வைக்க அவர்களுக்கு ஓர் இடம் உண்டா என்று முதலிற் கேட்பாராக.

கலை உணர்வுக்கும் கூடி மகிழும் இயல்புக்கும் இம்மக்களிடம் குறைவில்லை. மாசி பங்குனியிற் காமன் கூத்து நிகழும்போது தப்பு முழங்க ஊரே திரளும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இரவு முழுவதும் ஆடப்படும். இவற்றுக்கெல்லாம் கூரை வானமே, அரங்கு வெட்டவெளியே. மலைநாட்டு வானமோ நினைத்தபோதெல்லாம் பொழிவது. மழைக்காலத்தில் இளைஞர் கூடுவதற்கு எஞ்சியிருப்பது கடைத்திண்ணையும், அதனை அடுத்துக் கசிப்பு விற்கும் மறைவிடமுமேயாகும். நல்ல இடம் ஒன்றை நாம் கொடாதவிடத்துத் தீய இடம் தானாகவே அமைந்துவிடுகின்றது.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு. 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும் 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டதே பெரும் போராட்டத்தின் பின்னர்தான். கூலியும் வீடும் காணியுமே முதற்றேவை. மனமகிழ்வு பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவ்வாதம். இதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. எனினும், கூலி உயரும்வரை ஒரு பிள்ளையின் பத்து வயது காத்திருப்பதில்லை. மேலும், தம் தேவைகளை ஒன்றுகூடி ஆராயவும், விண்ணப்பம் எழுதவும், கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் மக்கள் பழகுவது இத்தகைய பொதுமனையிலேயே. வீட்டையும் காணியையும் கேட்டுப் பெறும் வலிமை அங்கிருந்தும் பிறக்கும்.

திட்டமிடுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா நிலம் பற்றியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றுட் பலவற்றின் முகாமை கம்பனிகளின் கைக்கு வந்தது. நிலம் அரசினது, முகாமை பிறிதொருவரது, வாழ்வோர் தொழிலாளர் என்னும் இந்நிலையில், தோட்டத்துள் ஓர் அறை எழுப்புவதற்கும் எழுத்து வடிவிலான இசைவு வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய சுவர், துரை மாறினால் வழக்காகிவிடும்.

உள்ளூராட்சியின் துணையும் நெடுங்காலம் கிட்டவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்வர். அச்சபையோ அவர்தம் வாசல்வரை ஒரு பாதை போடவும் இயலாது நிற்கும். 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்ற வழி திறந்தது. திறந்த வழியில் நடப்போர் இன்னும் சிலரே. ஆகவே, பிரதேச சபைக்கு விண்ணப்பம் செய்வதை எம் வரைவின் முதற் பக்கத்திலேயே எழுதினோம். உரிமையாகக் கேட்கத்தக்கதை நன்கொடையாக இரந்து பெறுதல் முறையன்று.

நிலம் கிடைத்தாலும் அது நிற்கும் நிலமா என்று பார்த்தல் வேண்டும். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து மக்கள் மாண்டதை யார் மறப்பார்? சரிவில் எழும் கட்டடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆய்வு இன்றியமையாதது. காட்சிக்கு இனிய மேட்டினும், மழைநீர் வடிந்தோடும் வழியை விட்டு விலகிய சமநிலமே சிறந்தது. உறுதியான மனையாயின், ஆபத்து நாளில் அதுவே புகலிடமும் ஆகும்.

அடுத்தது பணம். கட்டடத்துக்குப் பணம் திரட்டுதல் கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். எம் எண்ணம் வேறு. அடிக்கல்லில் பெயர் பொறிக்கப்படும் என்றால் கொடுப்போர் வருவர். நாடாவை வெட்டவும் ஆள் வருவர். திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் மின்கட்டணச் சிட்டை வரும்போது எவரும் வருவதில்லை. இத்தகைய மண்டபம் ஒன்றை நாம் அறிவோம். எவ்விடத்தது, எவர் கட்டியது என்பன இங்கு வேண்டா. ஆரவாரத்தோடு திறக்கப்பட்ட அது, சில ஆண்டுகளிற் பசளை மூடை அடுக்கும் கிடங்காயிற்று.

பிரட்டுக்களத்தில் நாம் திட்டத்தை விளக்கியபோது, கொழுந்துக் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “கட்டித் தந்துட்டுப் போயிருவீங்க சேர், சாவி யாரு கையில இருக்கும்?” என்றார். நாம் எழுதிய பக்கங்கள் அனைத்தினும் அவ்வொரு வினா கனமுடையது. சாவி என்பது வெறும் இரும்பன்று. எந்நேரம் திறப்பது, யாரை உள்ளே விடுவது, மின்விளக்குக்கு யார் பணம் கட்டுவது என்னும் மூன்றும் அதனுள் அடங்கும்.

இதற்கு விடை காணப் பிறர் செய்தவற்றை ஆராய்ந்தோம். யாழ்ப்பாண நூலகம் 1934 ஆம் ஆண்டில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு தொடங்கியது. மறுவருடம் நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. களியாட்ட விழாவும் அதிட்டச் சீட்டும் நடத்திப் பணம் திரட்டிப் பெருங்கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. வாசகர் முன்னே வந்தனர். மாளிகை கால் நூற்றாண்டின் பின்னே வந்தது. 1981 இல் அது எரியுண்டபோது தமிழுலகு கதறியதும் அதனாலன்றோ? சுவர்கள் மட்டும் எரிந்திருந்தால் அத்துணைத் துயரம் இராது.

பிரித்தானியாவில் 1920 ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற் சட்டம், வெட்டியெடுத்த நிலக்கரி ஒவ்வொரு தொன்னுக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்க உரிமையாளரிடம் அறவிட்டு நலநிதி ஒன்றை அமைத்தது. சுரங்கத் தொழிலாளர் ஊர்களில் மன்றங்களும் விளையாட்டுத் திடல்களும் குளியலறைகளும் அந்நிதியால் எழுந்தன. உழைப்பின் விளைவிலிருந்து சிறுதுளி உழைத்தவன் ஓய்வுக்குத் திரும்புவது ஈகையன்று, நியாயம் என்பதே அதன் அடிப்படை. கொழுந்துக்கும் அத்தகைய முறை ஒன்று இந்நாட்டில் ஆராயத்தக்கது.

இவ்வாறு கடல் கடந்து செல்லாமலே, தோட்டத்தினுள்ளும் ஒரு முன்மாதிரி உண்டு. கோயில் திருவிழாவுக்குத் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறுதொகையைச் செக்ரோல் வழியாகக் கழிக்க இசைதல் பழைய வழக்கம். தெய்வத்துக்குத் தேர் இழுக்க ஒன்றுபட்டு ஈயும் கைகள், தம் பிள்ளைகளின் விளக்குக்கும் ஈயும். நம் அயலவரான சிங்கள மக்களிடையே 1958 ஆம் ஆண்டில் ஏ. தி. ஆரியரத்ன என்னும் ஆசிரியர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்று தொடங்கிய சிரமதானமே சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. பணமில்லாதவர் தரும் உழைப்பும் முதலீடே என்பதை அது காட்டிற்று.

இவற்றை மனத்திற்கொண்டு ஒரு கணக்கிட்டோம். நூறு குடும்பங்கள் மாதம் 100 ரூபா கொடுப்பதாகக் கொண்டால், மாதம் 10,000 ரூபா சேரும். மின்சாரம், நீர், நாளிதழ், கூரைப் பழுது, மாலையில் திறந்து இரவிற் பூட்டும் ஒருவருக்குச் சிறு படி ஆகியவற்றுக்கு அது போதாது. குறைவை நிரப்ப ஒரு வைப்பு நிதி வேண்டும். வட்டி நூற்றுக்கு 8 எனக் கொண்டால், 15 இலட்சம் ரூபா வைப்பிலிருந்து ஆண்டுக்கு 1,20,000 ரூபா, அஃதாவது மாதம் இன்னுமொரு 10,000 ரூபா கிடைக்கும். வட்டி வீதம் ஏறி இறங்குவது. ஆதலின் இது வழிகாட்டும் கணக்கே. எனினும் அது கூறும் பாடம் தெளிவானது. திரளும் தொகையிற் பாதியைச் சுவருக்கும் பாதியை வைப்புக்கும் ஒதுக்குதல் வேண்டும். மண்டபம் நினைத்த அளவிற் பாதியாகட்டும், நாள்தோறும் திறந்திருக்கட்டும்.

இதற்கு மறுப்பும் எழுந்தது. விழா ஆண்டின் நினைவுச் சின்னம் சிறிதாக இருத்தல் கல்லூரியின் பெருமைக்குத் தகுமா என்று அன்பர் ஒருவர் வருந்தினார். அவர் வருத்தத்தை மதிக்கின்றோம். ஆயினும், பூட்டிய பெரிய மண்டபம் நம் பெயரைத் தாங்கி நிற்பதினும், விளக்கெரியும் சிற்றறை பெயரின்றி நிற்பதே கல்லூரிக்குப் பெருமை என்று விடையிறுத்தோம்.

சாவியைப் பற்றி வரைவில் எழுதியது இது. நிருவாகக் குழுவிற் பாதிக்குக் குறையாமற் பெண்கள் இருத்தல் வேண்டும். கொழுந்து நிறுத்து, நீர் சுமந்து, அடுப்பேற்றிய பின்னரே அவர்களுக்கு ஓய்வு. ஆதலால் அவர்கள் வசதிப்படும் நேரத்தை ஆடவர் முடிவுசெய்தல் ஆகாது. மாலை 6 மணி முதல் 8 மணி வரை படிப்பு மேசைகள் பிள்ளைகளுக்கே உரியன. கரம் பலகையும் வானொலியும் அதன் பின்னரே. நாளிதழ் தமிழிலும் சிங்களத்திலும் வருதல் வேண்டும். கீழேயுள்ள கிராமத்து இளைஞருக்கும் கதவு திறந்திருத்தல் வேண்டும். ஒரே மழையில் நனைந்து, ஒரே சரிவுக்கு அஞ்சி வாழும் இரு சாராரும் ஒரே கூரையின் கீழ் ஒரு மாலைப்பொழுது இருந்து பழகுவார்களாயின், அது நாட்டுக்கும் நன்று. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். சாவிகள் இரண்டு; ஒன்று பெண்கள் சங்கத்திடமும் மற்றொன்று இளைஞர் சங்கத்திடமும் இருக்கும். எம்மிடமோ நம் சங்கத்திடமோ ஒன்றும் இராது.

கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளைக் காம்பரா மாலையில் வெறுமையாகவே கிடக்கின்றது. நிருவாகத்தின் இசைவு பெற்று, அதிலேயே நான்கு மேசைகளும் இரு விளக்குகளும் ஒரு நூற்பேழையும் வைத்துத் தொடங்கலாம் என்று முன்மொழிந்துள்ளோம். ஆறு மாதம் அது ஒழுங்காக நடந்தால், கட்டடத்துக்கு உரியவர் இவர் என்பது விளங்கும். நடவாதெனின், கட்டடத்தாலும் நடவாது என்பதும் விளங்கும்.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுட் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிறப்புற வாழ்கின்றீர்கள். இவ்விழா ஆண்டில் ஒருமுறை பெருந்தொகை ஈவதைக் காட்டிலும், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் சிறுதொகை ஈவதாக உறுதி கூறுங்கள் என்றே வேண்டுகின்றோம். இங்குப் பயிலும் மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மலையேறிச் சென்று இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்களாக. உடனாசிரியர்கள், படித்து முடித்த நூல்களுள் நல்லன தெரிந்து அனுப்புவார்களாக. மேசைகளுள் இரண்டு ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டுள்ளன. இன்னும் இரண்டு வேண்டும்.