இகத்புரி: மூச்சில் தொடங்கி, தண்ணீர் வரை

மும்பையிலிருந்து நாசிக் செல்லும் பெரும்பாலான ரயில்கள் கசாராவில் சற்று நிற்கும். மலை ஏற வண்டிக்குப் பின்னால் கூடுதல் இன்ஜின்கள் சேர்க்கப்படும். சுரங்கங்களைக் கடந்து இகத்புரியை அடைந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள்.

இங்கே இறங்கும் பயணிகளில் சிலரும் சுமையைக் கழற்றிவைக்கத்தான் வருகிறார்கள். ஊரை ஒட்டிய குன்றில் இருக்கிறது தம்மகிரி. பர்மாவில் பிறந்து 1969இல் இந்தியா வந்த எஸ்.என். கோயங்கா (2013இல் மறைந்தார்) அமைத்த விபாசனா தியான மையம். 1976 முதல் இங்கு பயிற்சி நடக்கிறது. பத்து நாள் முகாம். செல்போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது. பத்தாம் நாள் காலைவரை பேச்சும் கிடையாது.

அதிகாலை 4 மணிக்கு மணி ஒலிக்கிறது. முதல் மூன்று நாட்கள் ஒரே வேலைதான்: மூக்கின் வழியே மூச்சு வந்து போவதைக் கவனிப்பது. பிறகு உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. பகல் 11 மணிக்குச் சைவச் சாப்பாடு. மாலையில் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும்; பழையவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். பேச்சும் டி.வி.யும் இல்லாததால் கவனம் முழுவதும் தட்டில்தான். எது பசி, எது வெறும் பழக்கம் என்பது சில நாட்களில் பிடிபடுகிறது. எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு வாழ முடியும் என்பதும்தான்.

கட்டணம் கிடையாது. முன்பு பயிற்சி முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் புதியவர்கள் சாப்பிடுகிறார்கள். யாரோ கொடுத்ததை உண்கிறோம் என்பதும் இங்கே ஒரு பாடம்.

ஆனால் கவனம் அந்த வளாகத்தோடு நின்றுவிடக் கூடாது. இகத்புரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டுகிறது. இந்தத் தாலுகாவில் உள்ள மேல் வைதர்ணா அணையும், மலைக்குக் கீழே ஷஹாபூர் தாலுகாவின் தான்சா, பாட்சா அணைகளும் மும்பைக்குத் தண்ணீர் தருகின்றன. தினமும் 350 கோடி லிட்டருக்கு மேல் செலவழிக்கும் நகரம் அது. ஆனால் கோடை வந்தால் ஷஹாபூரின் மலைக் கிராமங்களில் பெண்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். பெய்யும் மழை பாறைச் சரிவில் வழிந்தோடிவிடுகிறது. தேங்கும் நீர் குழாயில் நகரத்துக்குப் போய்விடுகிறது.

முகாம் முடிந்து மும்பை திரும்புகிறவர்கள் அந்தத் தண்ணீர் போன திசையிலேயே மலை இறங்குகிறார்கள். கற்ற வித்தைக்கு உண்மையான பரீட்சை வீட்டுக் குளியலறையில்தான். குழாயைத் திறக்கும்போது, இது யார் கொடுத்த தண்ணீர் என்று ஒரு கணம் நினைத்தால், பத்து நாள் மௌனம் வீண்போகவில்லை.